வழக்குரையும் குளிர்த்தியும்

பாவம் எது என்பதில் சமயங்களிடையே உள்ள வேறுபாடு பெரிதும் மிகைப்படுத்திக் கூறப்பட்டு வந்துள்ளது. கொலையும் களவும் பொய்யும் பிறன்மனை நயத்தலும் நம்மிடையே வழங்கும் எல்லாச் சமயங்களாலும் விலக்கப்பட்டவையே. உணவு, சடங்கு, வழிபாடு முதலியன பற்றிய விலக்குகளிலேயே அவை முரண்படுகின்றன. அம்முரண்பாடுகள் நாள்தோறும் கண்ணிற் படுவதனால் பெரியனவாகத் தோன்றுகின்றன. சமயங்கள் மெய்யாகவே பிரிந்து செல்லும் இடம் வேறு. நிகழ்ந்துவிட்ட பாவத்தைப் பொறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? கடவுளுக்கா, அரசனுக்கா, இழந்தவனுக்கா, அன்றி ஒருவருக்குமே இல்லையா? பொறுத்தற்கு முன் நிகழவேண்டியது யாது? இவ்வினாக்களுக்கு நமது இலக்கியங்கள் கூறும் விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குரிய நிலைக்களனாகக் கனகராயன்குளத்தைக் கொள்கின்றேன். கண்டி – யாழ்ப்பாண வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த இவ்வூரின் பெயரைத் தாங்கிய ஆறு வடக்கே சென்று இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. இங்கிருந்து வடக்கே மாங்குளம் சென்று கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டானைக் கடந்து முல்லைத்தீவுப் பகுதியின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை அடையலாம். தெற்கே வவுனியா சென்று மன்னார் வீதியில் மேற்கே திரும்பினால் மடு மாதா கோயிலை அடையலாம். ஒறுக்கும் தாயும் இரங்கும் தாயும் இவ்வூருக்கு இரு புறத்திலும் வீற்றிருக்கின்றனர் எனலாம். அதே வீதி வழியாகவே படைகளும் வந்தன. 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையும், 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் நடத்திய ‘ஓயாத அலைகள்’ மூன்றாம் கட்டமும், 2008இன் இறுதியில் மீண்டும் வந்த இராணுவமும் இவ்வூரைக் கடந்தே சென்றன. மன்னிப்பு என்னும் சொல் இங்கு ஏட்டுப் பொருள் அன்று என்பதற்கு இவ்வளவு கூறினால் போதும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நம் பழைய நூல்கள் இப்பொருளுக்குப் பெரிதும் ஆளும் சொல் ‘பொறுத்தல்’ என்பதாகும். சுமையைத் தாங்குவதும் பொறுத்தலே. பிறர் பிழையைத் தாங்குவதும் பொறுத்தலே. வள்ளுவர் பொறையுடைமைக்கு நிலத்தை உவமையாக்கியது இவ்விரு பொருளையும் மனத்திற் கொண்டேயாகும். இச்சொல்லின்படி, பிழை பொறுக்கப்பட்டதும் அதன் பாரம் மறைந்து போவதில்லை. தீங்கு செய்தவன் தோளிலிருந்து தீங்குற்றவன் தோளுக்கு அது மாறுகின்றது. இயேசு கற்பித்த செபத்தைப் பழைய கத்தோலிக்க வழக்குப் ‘பொறுத்தல்’ என்னும் வினையாலும், சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலிய மொழிபெயர்ப்பு ‘கடன்’, ‘மன்னித்தல்’ என்னும் சொற்களாலும் தமிழாக்கியுள்ளமை கவனிக்கத்தக்கது. கடன் கொடுத்தவன் ஏட்டைக் கிழித்தால் கடன் தீர்ந்துவிடும். சுமை அவ்வாறு தீர்வதில்லை. இன்று கத்தோலிக்கரும் மன்னித்தல் என்றே வழங்குகின்றனர். இம்மாற்றத்தில் ஒரு பொருளாழம் இழக்கப்பட்டது என்பது என் கருத்து.

வினைக்கொள்கையை அடிப்படையாகக் கொண்ட சமண பௌத்த சமயங்களில் மன்னிப்போன் என ஒருவன் இல்லை. செய்தவனே நுகர்வான். பௌத்த சூத்திரங்களுள் ஒன்று கூறும் அங்குலிமாலன் வரலாறு இதனை நன்கு விளக்கும். பலரைக் கொன்ற அவன் துறவு பூண்டு பெருநிலை எய்திய பின்னரும், பிச்சைக்குச் செல்லும் வழியில் மக்கள் எறிந்த கற்களால் குருதி சிந்தித் திரும்புகின்றான். அவ்வலியைத் தாங்கிக்கொள்ளுமாறே புத்தர் அவனுக்குக் கூறுகின்றார். கல்லெறிந்த மக்களை மன்னிக்குமாறு அவர் வேண்டவில்லை. இங்கே பொறுக்க வேண்டியவன் குற்றவாளி. இந்நேர்மை போற்றத்தக்கது.

ஆனால் இக்கொள்கை இழந்தவரை நோக்கித் திரும்பும்போது கொடிதாகிவிடுகின்றது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துகொண்டிருக்கையில் மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் தோன்றி, முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்தான் என்றும், சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்போது விளைந்தது என்றும் கூறுகின்றது. கொலையுண்டவனே குற்றவாளி ஆகின்றான். இவ்விளக்கத்தை இளங்கோவடிகள் எங்கே வைத்தார் என்பதே திறனாய்வாளர் காணவேண்டியது. வழக்கு முடிந்து, அரசன் இறந்து, நகரில் தீ மூண்ட பின்னரே ஊழ்வினை பேசப்படுகின்றது. அரசவையில் பாண்டியன் ஊழைக் காட்டித் தப்ப முனையவில்லை. ஊழ் என்பது இழந்தவளுக்குச் சொல்லப்படும் ஆறுதலாக இருக்கலாம். குற்றவாளியின் எதிர்வாதமாக இருத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளரும் போதிய அளவு வற்புறுத்தவில்லை.

மணிமேகலை மற்றொரு வழியைக் காட்டுகின்றது. மகன் உதயகுமரனை இழந்த அரசமாதேவி, சிறையிலிருந்த மணிமேகலையைப் பல வகையிலும் துன்புறுத்துகின்றாள். மருந்தூட்டிப் பித்தேற்ற முயல்கின்றாள், இழிந்தவன் ஒருவனை ஏவுகின்றாள், பட்டினியிடுகின்றாள். எல்லாவற்றையும் கடந்து நின்ற மணிமேகலை, தேவியின் துயரத்துக்கு மருந்தாக அறங்கூறுகின்றாள். தேவி அவளை வணங்கித் தணிகின்றாள். பொறுத்தவளும் தீங்குற்றவளும் ஒருத்தியே என்பது இங்கு முக்கியம்.

இலங்கையில் எழுந்த பௌத்த நூலொன்றை இவ்விடத்தில் ஒதுக்கிச் செல்ல இயலாது. மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரத்தில், எல்லாளனை வென்ற துட்டகைமுனு, போரில் மாண்ட பல்லாயிரவரை எண்ணி மகிழ்ச்சியிழந்திருக்கின்றான். வானூர்ந்து வந்த எட்டு அருகதர் அவனைத் தேற்றுகின்றனர். மாண்டோருள் ஒன்றரை மனிதரே மனிதராகக் கணிக்கத்தக்கவர் என்றும், ஏனையோர் விலங்கனையர் என்றும் அவர்கள் கூறியதாக நூல் கூறுகின்றது. அரசனின் மனத்துயர் மெய்யானது. அந்நூலின் மிக உயர்ந்த கணம் அதுவே. அத்துயரைத் தணிக்க வந்தோர், பாவத்தைப் பொறுக்காமலும் தண்டிக்காமலும், இறந்தோரின் தொகையைக் குறைத்துவிட்டனர். அங்குலிமாலனுக்குப் புத்தர் கூறியதற்கு இது நேர்மாறானது. பௌத்தத்தை அளக்கப் பௌத்தமே தரும் கோல் இதுவாகும்.

சைவ இலக்கியத்துக்கு வருவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 25ஆம், 26ஆம் படலங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பது தற்செயல் எனக் கொள்ள மனம் ஒப்பவில்லை. முன்னையது பழியஞ்சின படலம். மரத்தில் எப்போதோ தைத்துக் கிடந்த அம்பு காற்றில் விழுந்து அந்தணப் பெண் ஒருத்தி இறக்கின்றாள். அருகே நின்ற வேடன் மீது பழி விழுகின்றது. வேடனை ஒறுத்து வினவியும் அவன் ஒப்புக்கொள்ளாமையால், பாண்டியன் ஐயுற்று இறைவனிடம் முறையிடுகின்றான். இறைவன் ஆணைப்படி மணவீடொன்றுக்குச் சென்று யமதூதர் உரையாடலைக் கேட்டு உண்மை அறிகின்றான். அதன்பின் அவன் செய்ததே கருதத்தக்கது: வேடனிடம் தன் பிழையைப் பொறுக்குமாறு வேண்டுகின்றான். நாடாளும் மன்னன் காட்டில் திரியும் வேடனிடம் பொறையை இரக்கும் இக்காட்சிக்கு நிகரானவை நம் இலக்கியத்தில் மிகச் சிலவே.

அடுத்தது மாபாதகம் தீர்த்த படலம். தாயைக் கூடித் தந்தையைக் கொன்ற ஒருவனுக்கு, வேடுவ வடிவில் வந்த சிவபெருமான் எளிய கழுவாய் கூறிப் பாவம் தீர்க்கின்றார். இத்தகையோனுக்கு ஏன் இரங்கினீர் என அம்மை வினவ, வேறு புகலே இல்லாதவனைக் காப்பதன்றோ காப்பு என்பது இறைவன் விடையின் கருத்து. அருளின் எல்லையின்மையைக் காட்டும் விடை அது. எனினும் அப்படலத்தில் கொலையுண்ட தந்தையின் குரல் எங்கும் இல்லை. கள்வர் கைப்பட்ட தாய் என்ன ஆனாள் என்று எவரும் கேட்கவில்லை. பாவியும் கடவுளும் மட்டுமே எஞ்சியுள்ள உலகம் அது. பக்திக்கு அது போதும். அறத்துக்குப் போதுமா?

சேக்கிழார் இவ்வினாவை உணர்ந்திருந்தார். மனுநீதிச் சோழனின் மகன் ஏறிய தேர்க்காலிற் பட்டு ஆன்கன்று இறந்தபோது, அமைச்சர் மறையோர் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்கின்றனர். அரசன் மறுக்கின்றான். பிறன் கொலை செய்தால் அவனைக் கொல்வேன், என் மகன் செய்தால் கழுவாய் தேடுவேனா என்பது அவன் வாதம். கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் அடைதலே முறை என்கின்றான். மெய்ப்பொருள் நாயனாரோ தம்மைக் குத்திய முத்தநாதனைத் தத்தன் வெட்ட வந்தபோது தடுத்து, அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு பணிக்கின்றார். இருவரும் அரசர். ஒருவர் மன்னிக்க மறுத்தார்; மற்றவர் மன்னித்தார். முரண்போலத் தோன்றும் இவ்விரு வரலாறுகளும் ஒரே விதியையே உணர்த்துகின்றன. மெய்ப்பொருளார் பொறுத்தது தம் உடலிற் பட்ட வாளை. சோழன் பொறுக்க மறுத்தது பசுவுக்கு நேர்ந்த இழப்பை. அதனைப் பொறுக்கும் உரிமை தனக்கு இல்லை என அவன் அறிந்திருந்தான்.

இசுலாமியச் சட்டநெறி இவ்விதியை வெளிப்படையாகவே வகுத்துள்ளது. இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் பொறுப்பான். மனிதருக்கு இழைத்த தீங்கை அம்மனிதரே பொறுக்க வேண்டும். கொலையில் பழிக்குப் பழி கோரவோ, ஈட்டுப்பொருள் பெறவோ, முற்றாகப் பொறுக்கவோ உரிமையுடையோர் இறந்தவரின் உறவினரே. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் இறைவன் பெயரால் பாவத்தைப் பொறுக்கின்றார். ஆயினும் ஆத்தும சோதனையும் மெய்யான மனஸ்தாபமும் வாய்திறந்து சொல்லுதலும் அபராதம் தீர்த்தலும் அதற்கு வேண்டப்படுகின்றன. களவு செய்தவன் இயன்றவரை பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் அத்திருச்சபையின் போதனை. 1999 நவம்பர் 20ஆம் நாள் மடுக் கோயில் வளாகத்தில் எறிகணை வீழ்ந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்தோருள் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். போரிட்ட இரு தரப்பினரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். பாவத்தை வாய்விட்டுச் சொல்லுதற்கென மக்கள் காலங்காலமாகத் தேடிச் செல்லும் இடத்தில் நிகழ்ந்த பாவத்தைத் தன்னதென்று சொல்ல எவரும் முன்வரவில்லை.

இனி வன்னிக்கே உரிய மரபை நோக்குவோம். கண்ணகியின் கதை ஈழத்தில் சிலப்பதிகாரத்தின் வழியாக மட்டும் வழங்கவில்லை. கோவலன் கதையாகவும் கூத்தாகவும், 1968ஆம் ஆண்டில் வீ. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரையாகவும் அது வாழ்கின்றது. இம்மரபில் கண்ணகி பிறப்பிலேயே தெய்வம். பாண்டியனை அழிக்கவே மாங்கனியாய்த் தோன்றியவள். சிலம்பின் மானிடப் பெண் அரசவையில் அடைந்த கொதிப்பு இங்கே சற்றுக் குறைந்துவிடுகின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இழப்புக்கு ஈடாக இம்மரபு வேறொன்றைத் தருகின்றது. அதுவே குளிர்ச்சிக் காதை. மதுரையை எரித்த பின்னும் தணியாத அம்மாளின் வெம்மையை ஆற்றுவதாக அப்பகுதி அமைகின்றது. கிழக்கிலங்கையில் வைகாசியில் நிகழும் திருக்குளிர்த்திச் சடங்கு இதனையே ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகின்றது. அம்மாள் வருத்தம் எனப்படும் அம்மை நோயும் மழையின்மையும் அவள் வெம்மையின் அடையாளங்களாகவே கிராமத்தவரால் கொள்ளப்பட்டன.

குளிர்தல் என்பது மன்னித்தல் அன்று. அம்மாள் பாண்டியனின் செயலைச் சரியென்று சொல்வதில்லை, அதனை மறப்பதுமில்லை. அவளது சினம் அவளையும் ஊரையும் எரிக்காதவாறு ஆற்றப்படுகின்றது, அவ்வளவே. ஒறுத்தலுக்கும் பொறுத்தலுக்கும் இடைப்பட்ட இம்மூன்றாவது நிலையைச் சமயநூற் புலவர்கள் கருதவில்லை; வன்னியிலும் மட்டக்களப்பிலும் குளக்கரையிலும் வயல்வெளியிலும் வாழ்ந்த மக்கள் கருதினர். அவர்கள் அமைத்த வரிசையும் கருதத்தக்கது. வழக்குரைக்கும் முன் குளிர்ச்சி இல்லை. சிலம்பு உடைக்கப்பட்டு, உள்ளிருந்த பரல் அவையோர் காணத் தெறித்து, அரசன் தன் வாயால் தன்னைக் கள்வன் என்று ஒப்புக்கொண்ட பின்னரே குளிர்த்திக்கு நீர் தெளிக்கப்படுகின்றது. சிலப்பதிகாரத்திலும் வாழ்த்துக் காதையில் தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறும் பொறைமொழி, அவன் உயிர்விட்ட பின்னர் வருவதே. ஒப்புக்கொள்ளாத பாண்டியனை அவள் மகள்முறை கொண்டாடியிருப்பாளா என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

வற்றாப்பளை ஐதிகம் இதற்கு மேலும் நுண்மை சேர்க்கின்றது. நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்த சிறுவரிடம் மூதாட்டி ஒருத்தி வருகின்றாள். அவர்கள் தழையால் குடில் அமைத்துப் பொங்கிப் படைக்கின்றனர். எண்ணெய் இல்லாமையால் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றுகின்றனர். தலையில் பேன் பார்க்குமாறு கேட்கின்றாள். பார்த்த சிறுவன் தலையெங்கும் ஆயிரம் கண்களைக் காண்கின்றான். மதுரையை எரித்தவள் இங்கே அடைக்கலம் கேட்டு வந்த கிழவியாகின்றாள். ஆனால் கண்களை மூடியவளாக அல்லள். தணிந்தபோதும் அவள் பார்த்துக்கொண்டே இருக்கின்றாள். வைகாசி விசாகப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீரில் விளக்கெரிக்கப்படுகின்றது. 2009 மே மாதத்தில் போர் முடிந்ததும் அதே நந்திக்கடலின் கரையில்தான். அதுவும் வைகாசியின் தொடக்கத்தில்.

இவ்வளவையும் கொண்டு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டை அளந்து பார்க்கலாம். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எண்மர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதி கோட்டாபய ராசபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். மன்னித்தவருக்கு அவ்வழக்கில் யாதொரு இழப்பும் இல்லை. மெய்ப்பொருளாரின் தாராளத்தை மனுச்சோழனின் இருக்கையிலிருந்து காட்டிய செயல் இது. சட்டம் அதற்கு இடங்கொடுத்தது என்பது உண்மையே. ஆனால் மேலே கண்ட எந்தச் சமய நூலும் அதனைப் பொறுத்தல் என்னும் பெயரால் அழைக்காது. அருகதர் எண்மரின் தேறுதல் உரைக்கே அது மிக அண்மையது.

மற்றையது 2019 பெப்ரவரியில் கிளிநொச்சியில் நிகழ்ந்தது. அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, இரு தரப்பிலும் குற்றங்கள் நிகழ்ந்தன என ஏற்று, மறந்து மன்னித்து முன்செல்லுமாறு கேட்டுக்கொண்டார். குற்றம் நிகழ்ந்தது என்ற அளவில் அது முன்னையோர் பேச்சினும் மேம்பட்டது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அதே நகரில், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் அப்போது ஈராண்டை எட்டிக்கொண்டிருந்தது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வன்னியில் அமர்ந்தபோதும் அவர்களைப் போன்றோர் தம் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லியிருந்தனர். வழக்குரை நிகழ்ந்தது, சிலம்பு உடைக்கப்படவில்லை. உடையாத சிலம்புக்கு முன் குளிர்த்தி நீரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதனை யார் மீது தெளிப்பது?

தமிழராகிய நாம் இவ்வாதத்தைக் கண்ணகியின் இடத்தில் நின்று மட்டும் பேசிவிட்டுப் போதல் தகாது. சிலப்பதிகாரத்திலேயே ஒரு கறை உண்டு. மதுரைக்குத் தீயை ஏவியபோது முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் பசுவையும் விட்டுத் தீயோரை மட்டும் சாருமாறு கண்ணகி பணிக்கின்றாள். ஒறுத்தலுக்கு அவள் எல்லை வகுத்தாள். ஆனால் அவள் போன பின், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் பலியிடுகின்றான், மழை பெய்கின்றது, நாடு செழிக்கின்றது. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்குக் குலம் முழுவதும் பொறுப்பாக்கப்பட்டதை அடிகள் ஒரு சொல்லாலும் கண்டிக்கவில்லை. இக்காப்பியத்தைப் போற்றி எழுதப்பட்ட நூல்களுள் மிகப் பல அவ்வாயிரவரைக் கடந்தே செல்கின்றன. மகாவம்சத்தின் ஒன்றரை மனிதரைச் சுட்டும் நமக்கு இதனைச் சுட்டவும் கண் வேண்டும்.

1990 அக்டோபரில் வடமாகாணத்து முசுலிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமை செழியனின் கணக்கைச் சேர்ந்தது. ஏறக்குறைய 70,000க்கு மேற்பட்டோர், ஒரு குலத்திற் பிறந்தமை தவிர வேறு குற்றமின்றி, யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் கைப்பொருளோடு போயினர். ஆணையிட்டோர் ஆயுதம் ஏந்தியவர்; பார்த்திருந்தோர் ஊரவர். அவர்களது வழக்கில் நாம் அரியணைப் பக்கத்தில் நிற்கின்றோம். ஹக்குல் இபாத், அதாவது மனிதருக்குரிய உரிமை, என்று அவர்களது நெறி கூறுவதன்படி, அப்பிழையைப் பொறுக்கும் அதிகாரம் அல்லாவிடங்கூட வேண்டிப் பெறத்தக்கதன்று. திரும்பிவந்து தம் பழைய வளவுகளில் காட்டை வெட்டிக் குடியேறியவர்களிடமும், புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களிடமும் உள்ளது. பழியஞ்சின படலத்துப் பாண்டியன் வேடன் முன் சென்று நின்றதைப் போல அவர்கள் முன் சென்று நின்றோர், தனியாட்களாகச் சிலர் உளர். ஊராக எவரும் இன்னும் செல்லவில்லை.